கையடக்க விளையாட்டுக் கருவி: சந்தையைத் தீர்மானிக்கப் போவது மின்கலம்தான்



பள்ளி விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கிய முதல் வாரம். படிவம் நான்கு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். விடுமுறை முழுவதும் அப்பாவின் இரவுச் சந்தைக் கடையில் வேலை செய்திருக்கிறான். கையில் 1,500 வெள்ளி சேர்ந்திருக்கிறது.

"டீச்சர், கேம் விளையாடுறதுக்குன்னே இருக்குற கருவி ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். ஆனா அண்ணன் சொல்றாரு, எல்லாம் ஃபோன்லயே வந்திருச்சு, இன்னும் ரெண்டு வருஷத்துல இதெல்லாம் கடையிலயே இருக்காதுன்னு. உண்மையா டீச்சர்?"

"போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று அனுப்பியிருக்கலாம். ஆனால், ஒரு தொழில்நுட்பப் பொருளுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்கும் மாணவனை அறிவியல் ஆசிரியர் அப்படி அனுப்பக் கூடாது. அதிலும் அவன் வைத்திருப்பது கால் கடுக்க நின்று சம்பாதித்த காசு. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்கென்றே செய்யப்படும் கையடக்கக் கருவிகள் இரண்டு ஆண்டில் மறையப் போவதில்லை. ஆனால் எல்லார் கைக்கும் எட்டும் பொருளாகவும் அவை இருக்கப் போவதில்லை. எந்தக் கருவி நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் சில்லின் வேகத்தைவிட, அதன் மின்கலமும் அதிலிருந்து வெளியேறும் வெப்பமும்தான்.

நான் சொன்ன தவறான ஆரூடம்

இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை தவறான பதில் சொன்னவள் நான். 2012ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தம்பி பி.எம்.ஆர். தேர்வை முடித்துவிட்டு, தனக்கு ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி வேண்டும் என்று வீட்டில் கேட்டான். "அது செத்துப்போன சந்தை, காசை வீணாக்காதே" என்று நான் அடித்துச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு, விலை குறைந்த திறன்பேசி ஒன்றை வாங்கினான்.

அன்று என்னிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2007இல் ஐபோன் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கான செயலிக் கடை திறந்தது. இலவசமாகவும் சில வெள்ளிக்கும் விளையாட்டுகள் குவிந்தன. 2004இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் மொத்தம் 15 கோடி 40 லட்சம் விற்றிருந்தது. அதற்கு அடுத்து 2011 பிப்ரவரியில் வந்த 3டிஎஸ் தொடக்கத்திலேயே தடுமாறியது. ஆறு மாதத்துக்குள் ஜப்பானில் அதன் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைக்க வேண்டி வந்தது. அதே ஆண்டின் இறுதியில் சோனி வெளியிட்ட வீட்டா கருவியும் எடுபடவில்லை.

வரைபடத்தில் இந்தப் புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தால், அது நேராகப் பூஜ்யத்தை நோக்கித்தான் போகும். நானும் அப்படித்தான் இழுத்தேன்.

நடந்தது வேறு. விலை குறைந்த 3டிஎஸ் மீண்டெழுந்து, 2020இல் தயாரிப்பு நிற்கும்வரை ஏறக்குறைய 7 கோடி 60 லட்சம் விற்றது. டிஎஸ் விற்றதில் இது பாதிதான். ஆனாலும் செத்த சந்தையில் யாரும் ஏழரைக் கோடி பொருளை விற்க முடியாது. 2017 மார்ச்சில் நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தது. அது 15 கோடியைத் தாண்டி விற்றுவிட்டது. "அதைத் தொலைக்காட்சியிலும் இணைக்கலாமே, அது எப்படிக் கையடக்கக் கருவி ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் தொலைக்காட்சியில் இணையவே இணையாது. கையில் வைத்து மட்டுமே விளையாட முடியும். அதுவே 2 கோடிக்கும் மேல் விற்றது.

நான் எங்கே தவறினேன்? இரண்டு வெவ்வேறு தேவைகளை ஒன்றாக எண்ணிவிட்டேன். பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தைப் போக்குவது ஒரு தேவை. அதைத் திறன்பேசி முழுவதுமாக எடுத்துக்கொண்டது. இன்று உலக அளவில் மின்னியல் விளையாட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி கைப்பேசியில்தான் கிடைக்கிறது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒரு கதைக்குள் போய் விளையாடுவது இன்னொரு தேவை. அதற்குப் பொத்தான் வேண்டும், நீண்ட நேரம் தாங்கும் மின்கலம் வேண்டும், கை சுடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது தேவையைத் திறன்பேசி முழுதாக நிறைவேற்றவில்லை. ஏன் என்பதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

நான்கு சிறு மின்கலங்களின் வெற்றி

கதை 1989இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நிண்டெண்டோவின் கேம் பாய் வந்தது. குன்பெய் யோகோய் என்ற பொறியியலாளரின் குழு உருவாக்கியது. அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளி இல்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியாது. அதே ஆண்டு அட்டாரி நிறுவனம் லிங்க்ஸ் என்ற வண்ணத்திரைக் கருவியை விற்பனைக்கு விட்டது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. அதற்கும் வண்ணத்திரை, பின்னொளி எல்லாம் உண்டு. கடையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேம் பாய் பழைய கால்குலேட்டர் போலத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் கேம் பாய்க்கும் அதன் வண்ணப் பதிப்புக்கும் சேர்த்து விற்பனை 11 கோடி 80 லட்சத்தைத் தாண்டியது. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது.

ஏன்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேம் பாய் எடுத்துக்கொண்ட மின்திறன் ஏறக்குறைய 0.7 வாட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த ஏஏ அளவு மின்கலம் ஒன்றில் சுமார் 2.5 வாட்-மணி சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மின்கலத்துக்கு 10 வாட்-மணி. பத்தை 0.7ஆல் வகுத்தால் 14 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கேம் கியருக்கு ஆறு மின்கலங்கள் தேவைப்பட்டன. பின்னொளி அவற்றை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்த அப்பா, வாரம்தோறும் மின்கலமும் வாங்க வேண்டும் என்றால் என்ன செய்வார்? கருவியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார்.

புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், நன்றாகப் பழகி, விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. கேம் பாயின் விலையும் அதனால்தான் குறைவாக இருந்தது.

வேகத்தின் விலை

இன்றைய கருவிகளுக்கு வருவோம். 2022இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கருவியை வெளியிட்டது. கணினி விளையாட்டுகளைக் கையில் வைத்து விளையாட வைத்தது அது. அதைப் பார்த்து 2023இல் அசூஸ், லெனோவோ போன்ற கணினி நிறுவனங்களும் இறங்கின. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெயரைத் தாங்கிய கையடக்கக் கருவியை அசூஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2025 ஜூன் 5ஆம் நாள் வெளியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாளிலேயே 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. செத்துப்போன சந்தையில் இத்தனை பெரிய நிறுவனங்கள் வந்து கடை விரிக்குமா?

ஆனால் எல்லாருக்கும் ஒரே சுவர்தான் குறுக்கே நிற்கிறது. முதல் ஸ்டீம் டெக்கின் மின்கலம் 40 வாட்-மணி. கேம் பாயின் நான்கு மின்கலங்களைவிட நான்கு மடங்கு சக்தி. ஆனால் அது தாங்கும் நேரம் என்று நிறுவனமே சொன்னது 2 முதல் 8 மணி நேரம். கனமான விளையாட்டு ஓடும்போது கருவி 20 வாட் எடுத்தால், 40ஐ 20ஆல் வகுத்தால் இரண்டே மணி நேரம். எளிய விளையாட்டு ஓடி 5 வாட் மட்டும் எடுத்தால் எட்டு மணி நேரம்.

"மின்கலத்தைப் பெரிதாக்கிவிடலாமே" என்பீர்கள். மின்கலம் பெரிதானால் எடை கூடும். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், மணிக்கட்டு பதில் சொல்லும். சில்லின் வேகம் கூடிய அளவுக்கு மின்கலத்தின் கொள்ளளவு கூடவில்லை. ஒன்றில் நாம் மின்சுற்றுகளைச் சிறிதாக்குகிறோம். மற்றதில் வேதிப்பொருள்களுக்குள் சக்தியை அடைத்து வைக்கிறோம். இரண்டும் ஒரே வேகத்தில் வளரக்கூடியவை அல்ல.

சில்லின் வேகத்தைக் கூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு சில்லு எடுக்கும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இரண்டையும் 20 விழுக்காடு கூட்டினால் என்ன ஆகும்? 1.2ஐ மூன்று முறை பெருக்குங்கள். 1.728 வரும். அதாவது 20 விழுக்காடு வேகத்துக்கு ஏறக்குறைய 73 விழுக்காடு கூடுதல் மின்திறன். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

திறன்பேசி சறுக்கும் இடமும் இதுதான். பெரும்பாலான திறன்பேசிகளில் காற்றாடி கிடையாது. கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டினால் பின்பக்கம் சுடும். உடனே கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதோடு அம்மா அழைத்தால் எடுப்பதற்கும் மின்கலம் மிச்சம் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். சூடான பொருள் வெப்பத்தை வெளியேற்றும் வீதம், அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கருவியின் மேற்பரப்பு 43 பாகை செல்சியஸ் என்று வையுங்கள். 20 பாகை அறையில் வேறுபாடு 23. நம் வீட்டு வரவேற்பறையில் பிற்பகல் 33 பாகை என்றால் வேறுபாடு வெறும் 10. வெப்பம் வெளியேறும் வீதம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. குளிர்நாட்டில் இருப்பவர் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு நம் ஊரில் வாங்குபவர் இதை மறக்கக் கூடாது.

மின்கலத்தை மாற்றாமலேயே ஒரு கருவியை மேம்படுத்த முடியும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. 2017இல் வந்த முதல் ஸ்விட்ச் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் தாங்கியது. 2019இல் வந்த திருத்தப் பதிப்பு நாலரை முதல் ஒன்பது மணி நேரம் தாங்கியது. இரண்டிலும் மின்கலம் ஒன்றே, 4,310 மில்லி ஆம்பியர்-மணி. சில்லை இன்னும் நுண்ணிய முறையில் தயாரித்தார்கள். விளையாட்டின் வேகத்தைக் கூட்டாமல் வாட்டைக் குறைத்தார்கள். எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய பாதை இது என்பது என் கருத்து.

விலை ஏறும் காலம்

சந்தைக்கு உண்மையான ஆபத்து திறன்பேசியிடமிருந்து வரவில்லை, விலையிலிருந்து வருகிறது. முன்பெல்லாம் ஒரு விளையாட்டுக் கருவி வெளியாகி ஆண்டுகள் போகப் போக விலை இறங்கும். இப்போது தலைகீழ். எட்டு வயதான முதல் ஸ்விட்சின் விலை அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 300 டாலரிலிருந்து 340 டாலராக உயர்ந்தது. ஸ்விட்ச் 2 அங்கே 450 டாலருக்கு வந்தது. போதாக்குறைக்கு, 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிக்க, அவற்றின் விலையும் எகிறியது. விளையாட்டுக் கருவிக்கும் அதே வகைச் சில்லுதான் வேண்டும்.

இது நமக்குத் தொலைவில் நடக்கும் கதை அன்று. 1972இலேயே இண்டெல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. இன்று உலகில் சில்லுகளைச் சோதித்து, இணைத்து, உறையிடும் பணியில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஒரு சில்லிலிருந்து வெப்பம் எவ்வளவு நன்றாக வெளியேறும் என்பது அந்த உறையையும் பொறுத்தது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் ஒருவர் நாளை அந்த வேலையைச் செய்யலாம். சூடாகாத கருவி செய்யத் தெரிந்தவருக்கு அங்கே இடம் இருக்கும்.

விலை ஏறினால் ஒரு கருவி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை முழுதாக மின்னேற்றம் செய்த பிறகு தன் கொள்ளளவை இழக்கத் தொடங்கும். சூடு அதை இன்னும் விரைவுபடுத்தும். 1989இன் கேம் பாய்க்கு இன்றும் மளிகைக் கடையில் நான்கு மின்கலம் வாங்கிப் போடலாம். டிஎஸ், 3டிஎஸ் கருவிகளிலும் ஒரு மூடியைக் கழற்றி மின்கலத்தை மாற்ற முடிந்தது. இன்றைய கருவிகள் பலவற்றில் மின்கலம் உள்ளே ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்க மின்கலங்களைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி கருவிகளைச் செய்ய வேண்டும். அதை நான் வரவேற்கிறேன். மின்கலம் மாற்றத்தக்க கருவிக்குப் பழைய பொருள் சந்தையிலும் விலை இருக்கும். 1,500 வெள்ளி சேர்த்த பிள்ளைக்கு அந்தச் சந்தை முக்கியம்.

எதிர்த் தரப்பு

எனக்கு எதிரான வலுவான வாதத்தையும் சொல்ல வேண்டும். "கருவியே எதற்கு? விளையாட்டு தொலைவிலுள்ள பெரிய கணினியில் ஓடட்டும், படம் மட்டும் இணையம் வழியாக உன் திறன்பேசிக்கு வரட்டும். வெப்பமும் இல்லை, மின்கலச் சிக்கலும் இல்லை" என்பார்கள். நல்ல யோசனைதான். கூகல் அதைத்தான் ஸ்டேடியா என்ற பெயரில் செய்தது. 2023 ஜனவரியில் மூடிவிட்டது.

விநாடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி விநாடிக்கும் குறைவு. நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி தொலைவிலுள்ள கணினிக்குப் போய், அங்கே படம் உருவாகி, திரும்பி வந்து சேருவதற்குள் எதிரி உங்களை வீழ்த்திவிடுவான். அதிவேக இணையம் உள்ள நகர வீட்டில் இந்தத் தாமதம் பொறுக்கும்படி குறையலாம். நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்திலும் தோட்டப்புற வீட்டிலும் நிலைமை என்ன என்பது உங்களுக்கே தெரியும். இந்தச் சிக்கல் முழுதாகத் தீர்ந்தால் என் கணிப்பு தவறாகிவிடும். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மாணவனுக்குச் சொன்னது

"ரெண்டு வருஷத்துல இது கடையிலிருந்து போகாது. அதனால அவசரமும் வேண்டாம், பயமும் வேண்டாம்" என்று முதலில் சொன்னேன். பிறகு மூன்று கேள்விகளைக் கொடுத்தேன்.

ஒன்று, நீ விளையாட ஆசைப்படும் விளையாட்டு திறன்பேசியிலேயே நன்றாக ஓடுகிறதா? ஓடினால் இன்னொரு கருவி எதற்கு?

இரண்டு, அதன் மின்கலம் எத்தனை வாட்-மணி? கனமான விளையாட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும்? மூன்று ஆண்டு கழித்து அதை மாற்ற முடியுமா, எவ்வளவு செலவாகும்?

மூன்று, விளையாட்டை அட்டையாக வாங்குவாயா, பதிவிறக்கம் செய்வாயா? அட்டையை நண்பனிடம் இரவல் கொடுக்கலாம், விற்கலாம். 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் 2023 மார்ச்சுக்குப் பிறகு எதையும் வாங்க முடியாமல் போனது.

நான்காவதாக ஒன்றையும் சொன்னேன். கையிலிருக்கும் 1,500 வெள்ளியையும் ஒரே பொருளில் போடாதே. முந்தைய தலைமுறைக் கருவி, பயன்படுத்தியதாக இருந்தாலும், மின்கலத்தைச் சோதித்து வாங்கினால் நன்றாகவே உழைக்கும்.

அவன் இன்னும் வாங்கவில்லை. மறுநாள் இயற்பியல் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு கருவிகளின் வாட்-மணியை எழுதி, மணி நேரத்தால் வகுத்து, எது எத்தனை வாட் எடுக்கிறது என்று அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். நான் கேட்காத வீட்டுப்பாடம் அது. இரண்டு இடத்தில் தசமப் புள்ளி தவறியிருந்தது. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன்.

2012இல் நான் சொன்ன ஆரூடம் தம்பிக்கு மட்டும்தான் தெரியும். இந்த முறை அச்சிலேயே எழுதி வைக்கிறேன். 2030ஆம் ஆண்டிலும் விளையாட்டுக்கென்றே செய்த கையடக்கக் கருவி கடையில் இருக்கும். அதன் விலை இன்றைவிடக் கூடுதலாக இருக்கும். அவற்றில் அதிகம் விற்பது, மிக வேகமான சில்லு உள்ளதாக இருக்காது. இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்களில் பலர் பல்கலைக்கழகத்தில் இருப்பீர்கள். நான் மறுபடியும் தவறியிருந்தால், எங்கே தவறினேன் என்று கணக்கோடு எழுதி அனுப்புங்கள்.